ஈடாகும் உடல்: சிறுநீரக விற்பனை பற்றிய அறவியல் விவாதங்களில் வராத ஓர் ஆள்

மேலைத் தத்துவத்தில் 'பயன்பாட்டு அறவியல்' என்றொரு கிளை உண்டு. கருக்கலைப்பு, கருணைக்கொலை, பஞ்சம், போர், விலங்குகளின் உரிமை என்று நடப்புலகப் பிரச்சினைகளை எடுத்துவைத்துக்கொண்டு எது சரி, எது தப்பு என்று வாதாடுகிற துறை. எம்.ஏ. தமிழ் படித்த ஆளுக்கு இதிலே என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தத் துறை ஓடுவதே கதைகளால்தான். பிலிப்பா ஃபுட் 1967இல் கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம் வண்டியின் கதையைச் சொன்னார்: ஐந்து பேரைக் காப்பாற்ற வண்டியை ஒருவர் மேல் திருப்பலாமா? பீட்டர் சிங்கர் 1972இல் ஆழமில்லாத குளத்தில் மூழ்கும் குழந்தையின் கதையைச் சொன்னார். அந்தக் குளத்துக்குப் பின்னால் 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த லட்சக்கணக்கான சனங்கள் நின்றார்கள். கதை என்று வந்துவிட்டால் அதை எப்படிப் படிப்பது என்று நமக்கும் கொஞ்சம் தெரியும். கதை எந்த இடத்தில் தொடங்குகிறது, யாருக்கு வசனம் உண்டு, யார் மேடைக்கே வரவில்லை என்று கேட்பதுதான் நம் தொழில்.

இந்தக் கதைகளில் மிகவும் பேர்பெற்ற ஒன்று சிறுநீரகத்தைப் பற்றியது. ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக எழுதியது. நீங்கள் காலையில் கண் விழிக்கிறீர்கள். பக்கத்தில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் நினைவில்லாமல் கிடக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் பழுது. இசை ரசிகர் சங்கத்தார் உங்களைக் கடத்திவந்து உங்கள் ரத்த ஓட்டத்தை அவரோடு இணைத்துவிட்டார்கள். ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். கிடக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை, உங்கள் உடல் உங்களுடையது என்கிறார் தாம்சன். அந்தக் கட்டுரையின் அரசியலோடு எனக்குச் சண்டை இல்லை. நான் பார்ப்பது அந்த 'நீங்கள்' யார் என்பதை. அந்த 'நீங்க'ளுக்குக் கடன் இல்லை. வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. கதையில் காசு என்கிற பேச்சே கிடையாது. 'என் உடல் என்னுடையது' என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு தன்னிலை அது. இதே வாக்கியம் இன்னொரு வாயிலிருந்து வரும்போது அதன் அடுத்த வாக்கியம் 'ஆகவே அதை விற்கிறேன்' என்றாகிறது. கடன் இருக்கிற ஆளைக் கதைக்குள் கொண்டுவந்தால் கதை வேறாகிவிடுகிறது என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பேர் விழுந்தது. அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு மருந்தின் வரலாறு இருக்கிறது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்கிற மருந்து வந்தது. அதற்கு முன் உறவுக்காரர்களின் சிறுநீரகம்தான் ஓரளவு ஒத்துப்போகும். அந்நிய உறுப்பை நோயாளியின் உடல் தள்ளிவிடுவதை இந்த மருந்து அடக்கியது. அடக்கியதும் ரத்த உறவு என்கிற வேலி சரிந்தது. ஊரில் எந்த ஏழையின் உடலும் எந்தப் பணக்காரனின் உடலுக்கும் 'பொருந்தும்' என்றானது. சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத நாட்டில் சிறுநீரகம் மட்டும் சாதி பார்க்காமல் கைமாறியது என்பதைச் சமத்துவம் என்று யாரும் கொண்டாடிவிடக் கூடாது. மாறிய திசை ஒரே திசைதான். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைத் தடைசெய்தது.

அந்தச் சட்டம் வந்த நான்காவது வருஷம், 1998இல், லான்செட் மருத்துவ ஏட்டில் ஜேனட் ராட்க்ளிஃப் ரிச்சர்ட்ஸ் என்கிற தத்துவவாதியும் மருத்துவ அறவியலாளர்கள் சிலரும் சேர்ந்து சிறுநீரக விற்பனையை அனுமதிக்க வேண்டும் என்று எழுதினார்கள். இந்தத் துறையில் இவ்வளவு கூர்மையாக எழுதப்பட்ட கட்டுரை குறைவு. நம் பக்கத்துக்காரர்கள் அதைப் படிக்காமலே 'முதலாளித்துவக் குரல்' என்று ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனம். வாதம் சுருக்கமாக இது. ஏழை தன் சிறுநீரகத்தை விற்க வருகிறாள் என்றால் அவள் முன்னாலுள்ள வழிகளில் அதுதான் குறைந்த கெடுதல் என்று அவளுக்குப் படுகிறது. வறுமை அவளை நெருக்குகிறது என்பது நிஜம். அதற்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வறுமையை நீக்கவில்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டு, 'உன்னைக் காப்பாற்றினேன்' என்கிறீர்கள். பணக்காரன் பொழுதுபோக்குக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடலாம், ஏழை அதைவிடக் குறைந்த ஆபத்தைப் பிழைப்புக்காக ஏற்கக் கூடாதா? உங்களுக்கு வருகிற அருவருப்பை அறம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அந்த அருவருப்பின் விலையை அவள் கட்டுகிறாள்.

இங்கிலாந்தில் 1989இல் வெடித்த ஒரு விவகாரத்தை ஒட்டி அவர் யோசிக்கத் தொடங்கினார். துருக்கியிலிருந்து ஏழைகளை லண்டனுக்கு அழைத்துவந்து சிறுநீரகம் வாங்கிய விவகாரம். தன் மகளின் ரத்தப் புற்றுநோய் வைத்தியத்துக்காக விற்க வந்த ஒரு தகப்பனை அவர் உதாரணம் காட்டுகிறார். அந்தத் தகப்பனைத் தடுத்தது யாருக்கு நல்லது என்று கேட்கிறார். கேள்வி குத்துகிறது. குத்தவில்லை என்று பாசாங்கு செய்ய வேண்டாம்.

இந்த வாதம் லண்டனில்தான் பிறந்தது என்பதும் இல்லை. அதற்கு முன்பே, 1990இல், சென்னைச் சிறுநீரக மருத்துவர் கே.சி. ரெட்டியும் அவருடைய சகாக்களும் 'வாங்குவதா, சாகவிடுவதா' என்கிற கேள்வியாக இதை மருத்துவ ஏட்டில் எழுதியிருந்தார்கள். விற்பவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லி, பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்து, பிறகும் கவனித்துக்கொண்டால் இதில் என்ன தப்பு என்பது அவர் நிலை. தத்துவம் எப்போதும் மேற்கிலிருந்து வந்து நம்மிடம் 'பயன்படுத்தப்படுகிறது' என்று நினைக்கிறோம். இந்த விஷயத்தில் சரக்கும் இங்கிருந்துதான் போனது, சரக்கைப் பற்றிய நியாயமும் இங்கிருந்துதான் கிளம்பியது.

இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது என்ன? 'உடல் விற்பனைக்கான பண்டம் அல்ல.' காண்ட் இதைத்தான் சொன்னார். ஒருவர் தன் பல்லை இன்னொருவர் வாயில் நட்டுவைக்கக் கொடுப்பதோ விற்பதோ தன்னைத்தானே பகுதி பகுதியாகக் கொன்றுகொள்வது என்று எழுதினார். ஏதோ கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏழைப் பிள்ளைகளின் பல்லைப் பிடுங்கிப் பணக்கார வாய்களில் பொருத்தினார்கள். ரோலண்ட்சன் 1787இல் அதைக் கேலிச்சித்திரமாகவே வரைந்திருக்கிறார். ஆனாலும் காண்டின் பதில் ராட்க்ளிஃப் ரிச்சர்ட்ஸுக்குப் பதில் ஆகாது. தறியில் 12 மணி நேரம் நின்று காதும் காலும் போவது உடல் விற்பனை இல்லையா? சாக்கடைக்குள் இறங்கச் சொல்லிக் கொல்வது? உழைப்பை விற்கலாம், உறுப்பை மட்டும் விற்கக் கூடாது என்கிற எல்லைக்கோடு யாருடைய சௌகரியத்துக்காகப் போடப்பட்டது? 'புனித உடல்' பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் தடுமாறுகிறார்கள்.

புள்ளிவிவரக்காரர்களின் எதிர்வாதம் இதைவிட மேல். 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. விற்றவர்களில் 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடன் அடைப்பதற்காக. கிடைத்தது சராசரி 1,070 டாலர்; பேசியது அதைவிட அதிகம். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். நீங்கள் பட்டது போதுமா, இன்னொருவரை விற்கச் சொல்வீர்களா என்றால் 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

தத்துவவாதி இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: 'ஆமாம், ஏமாற்றப்பட்டார்கள். காரணம் தடை. கள்ளச் சந்தை என்றால் ஏமாற்றத்தான் செய்யும். சட்டப்படி ஆக்குங்கள், அரசே வாங்கட்டும், நியாய விலை கொடுக்கட்டும்.' ஆனால் அந்த 305 பேரும் ஆய்வுக்குச் சராசரி 6 வருஷம் முன்னால் விற்றவர்கள். அதாவது கணக்கு 1995ஐ ஒட்டி விழுகிறது. கணிசமானோர் தடை வருவதற்கு முன்போ, வந்த கையோடோ விற்றிருக்க வேண்டும். ஆகவே எல்லாப் பழியையும் தடையின் தலையில் போட முடியாது. இரானில் 1988இலிருந்து சட்டபூர்வமாகவே விற்பனை நடக்கிறது; அரசும் பணம் தருகிறது. 1999க்குள் காத்திருப்போர் பட்டியலே இல்லாமல் போனது என்று அங்கே பெருமையாகச் சொன்னார்கள். வாங்குகிறவர்களின் பட்டியலைத்தான் சொன்னார்கள். கெர்மான்ஷாவில் ஜவாத் ஸர்கூஷி என்கிற அறுவை மருத்துவர் விற்றவர்களைத் தேடிப்போய்க் கேட்டு 2001இல் எழுதியபோது சென்னையில் கேட்ட அதே குரல்தான் அங்கேயும் கேட்டது: கடன், வருத்தம், வெட்கம். சட்டம் இருந்தும் இல்லாமலும் குரல் ஒன்றாக இருக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே என்று காட்டியது ஒரு மானுடவியலாளர். தத்துவவாதிகள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கோஹென் 1990களின் பிற்பகுதியில் சென்னையில் விற்ற பெண்களிடம் பேசி 1999இல் எழுதினார். அவர் கவனித்த ஒரு விஷயம் மொத்த விவாதத்தையும் புரட்டிப்போடுகிறது. சிறுநீரகம் விற்கிற வழக்கம் இருக்கிற பகுதிகளில் கடன் கொடுக்கிறவர்கள் அதை முன்னாலேயே கணக்கில் வைக்கிறார்கள். வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு சிறுநீரகம் இருப்பது தெரிந்தே கடன் தரப்படுகிறது. அது தெரிந்தே நெருக்கடி கொடுக்கப்படுகிறது. நிலம் வைத்திருப்பவனுக்கு நிலம் ஈடு. நகை வைத்திருப்பவளுக்கு நகை ஈடு. ஒன்றுமில்லாதவளுக்கு இடுப்புக்கு மேலே விலாவுக்குக் கீழே இருப்பது ஈடு. பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி விற்றிருக்கிறாள், அது போதும்.

இப்போது 'மிச்சமிருந்த வழியை அடைத்துவிடாதே' என்கிற வாதத்தைத் திரும்பப் படியுங்கள். அந்த வாதத்தில் வழிகள் கடைத்தட்டில் பொருள் அடுக்கியதுபோல அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றவை அப்படியே இருக்கும். ஒன்றைக் கூட்டினால் ஏழைக்கு ஒன்று லாபம். நிஜத்தில் விற்கலாம் என்கிற வழி திறந்த அன்றே மற்ற வழிகள் உருமாறிவிடுகின்றன. தவணை தள்ளிக் கேட்பது, கெஞ்சுவது, 'என்கிட்ட ஒண்ணுமில்ல சாமி, என்னை என்ன பண்ணச் சொல்ற' என்று கையை விரிப்பது இவையெல்லாம் ஏழையின் ஆயுதங்கள். 'ஒன்றுமில்லை' என்பது ஒரு தற்காப்பு. சிறுநீரகத்துக்கு விலை வந்த பிறகு அந்த வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. 'ஏன் இல்ல? உன்கிட்டதான் இருக்கே!' விற்காமல் இருப்பதற்கு இனி அவள் காரணம் சொல்ல வேண்டும். விற்க மாட்டேன் என்பவள்கூட அந்தச் சந்தைக்குள்தான் இருக்கிறாள்.

இதைத் தத்துவத்தின் மொழியில் சொன்னவர் சைமன் ரிப்பன், 2014இல். ஒரு தெரிவைக் கொடுப்பதே சில பேருக்குத் தீங்கு. தெரிவு வந்ததும் அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கும் அதிகாரம் மற்றவர்களுக்கு வந்துவிடுகிறது என்று வாதிட்டார். அதற்கு முன் 1992இல் டேவிட் வெல்லெமன் சாகும் உரிமை பற்றி இதே போன்ற ஒன்றைச் சொல்லியிருந்தார். சாகலாம் என்ற உரிமை வந்தால் உயிரோடு இருப்பதற்கு நோயாளி சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று. நல்லது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லிவாக்கத்துப் பெண்களுக்கு இது வாழ்க்கையில் தெரிந்தது, கோஹென் எழுதியது 1999இல், தத்துவ ஏட்டில் முழு வாதமாக வர இன்னும் 15 வருஷம் பிடித்தது. அறிவு எந்த வழியாக மேலே ஏறுகிறது, ஏற எவ்வளவு நாளாகிறது என்பதும் அறவியலின் ஒரு கேள்விதான்.

உடனே ஷைலாக் ஞாபகம் வரும் சிலருக்கு. பொருத்தமில்லை. ஷைலாக் சதையைக் கேட்டது பகையால். நம் வட்டிக்காரருக்குச் சதை வேண்டாம், யார் மேலும் பகையும் கிடையாது. காசு வந்தால் சரி. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பதில்லை. அதனாலேயே அவரை எந்த நீதிமன்றக் காட்சிக்கும் இழுக்க முடிவதில்லை.

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் புரோக்கர்கள் மூலம் விற்கப்பட்ட செய்தி வெளியானது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று அனுமதியை அரசு நிறுத்திவைத்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. விற்றவர்கள் சொன்ன காரணம் இங்கேயும் கடன். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்குப் போகிறவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். 'பாக்கி' என்று அதற்குப் பேர். கெர்ட் டி நெவ் என்கிற ஆய்வாளர் குமாரபாளையத்தில் தங்கி 1990களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தொழிலாளிகள் பாக்கியை ஒரு விலங்காக மட்டும் பார்க்கவில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும்போது பாக்கி கேட்டு வாங்குவது அவர்களின் பேரமாகவும் இருந்தது என்கிறார். இதை நான் விரும்பிப் படித்தேன். ஏழையை எப்போதும் கைகட்டி நிற்கிறவராகவே காட்டுகிற நம் கதையாடலுக்கு இது ஒரு திருத்தம். ஆனால் அந்தப் பேரம் நடந்தது உழைப்பு என்கிற ஒரே ஈட்டின் மேல். தறி நசிந்து, பாக்கியோடு குழுக்கடனும் வாரவட்டியும் சேர்ந்து, உழைப்பே ஈடாகத் தாங்காத நிலையில் அடுத்த ஈடு தேடப்படுகிறது. சுனாமிக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களில் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வந்ததே, அங்கேயும் இதுதான். கடலிலிருந்து தள்ளிவைத்தார்கள், வலையும் படகும் போன இடத்தில் உடல் ஈடாக வந்து உட்கார்ந்தது.

இந்த வட்டிக்காரர் ஏன் விவாதங்களில் வருவதே இல்லை? மேலைத் தத்துவத்தின் கோளாறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நம் கதைகளிலும் அவர் வருவதில்லை. அரிச்சந்திரன் கதையை எடுங்கள். வட மாவட்டங்களில் கருமாதிக்கு விடிய விடிய அரிச்சந்திரன் கூத்து வைக்கிறார்கள். மயான காண்டத்தில் சந்திரமதி அழும்போது ஊரே அழும். அது என்ன கதை? பொய் சொல்லாதவன் கதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கூத்தை ஒழுங்காகப் பார்த்தால் அது கடன் கதை. விசுவாமித்திரனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காக நாடு போகிறது, பெண்டாட்டியும் பிள்ளையும் காசியில் விலைபோகிறார்கள், கடைசியில் தன்னையே சுடுகாட்டுக்கு விற்கிறான். தவணை கேட்க வந்து கூடவே அலைகிற ஆளை நட்சத்திரேயன் என்று கூத்தில் கோமாளித்தனமாகச் செய்துவிட்டார்கள். அவர் வந்தால் சிரிப்பு. கடன்காரர் ரிஷி. அவர் கேட்டது நியாயமா என்று ஒரு பாத்திரமும் கேட்பதில்லை. ஆளை விற்றாவது கடனைத் தீர்ப்பதே வாய்மை என்று நாம் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறோம். காலையில் வீட்டுக்குப் போகிறபோது அந்த அறத்தையும் கூடவே எடுத்துப்போகிறோம். சிறுநீரகம் விற்ற பெண் 'கடனை அடைச்சுட்டேன், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல' என்று தலைநிமிர்ந்து சொன்னால் அது சந்திரமதியின் குரல். அவளை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மானத்தை யார் கட்டிவைத்தார்கள் என்று கேட்கலாம்.

தடை வேண்டும் என்கிறவர்களிடமும் வருவோம். சட்டம் 'தானம்' என்கிற சொல்லில் நிற்கிறது. தானம் என்பது நம் மரபில் இருக்கிறவன் இல்லாதவனுக்குச் செய்வது. கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்தான், சிபி தசையை அரிந்து வைத்தான், கண்ணப்பன் கண்ணைப் பிடுங்கி அப்பினான். இவர்களில் வேடன் கண்ணப்பன் ஒருவன்தான் கீழேயிருந்து கொடுத்தவன். அதுவும் கடவுளுக்கு. ஏழை பணக்காரனுக்குச் செய்வதற்குத் தானம் என்று பேர் வைத்தது இந்தக் காலத்துப் புதுமை. நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுக்க வேண்டுமானால் 'பாசமோ பற்றுதலோ' காரணமாக இருக்க வேண்டும், அல்லது வேறு சிறப்புக் காரணம் இருக்க வேண்டும். அங்கீகாரக் குழு அதை ஏற்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 9ஆம் பிரிவு. இருவரும் சேர்ந்திருக்கும் பழைய போட்டோக்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது விதி. ஏன் கொடுக்க விரும்புகிறீர்கள் என்று கேட்கச் சொல்கிறது. இடைத்தரகர் இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சொல்கிறது.

ஒரு விமரிசகருக்கு இது நன்றாகத் தெரிந்த இடம். இங்கே அரசு ஓர் இலக்கிய வகையை உற்பத்தி செய்திருக்கிறது. நாயகி ஏழை, வீட்டு வேலை செய்பவளாகவோ தறி ஓட்டுபவளாகவோ இருப்பாள். எஜமானர் குடும்பத்தின் மேல் தீராத பாசம் வைத்திருப்பாள். கைம்மாறு கருதாமல் உறுப்பைத் தருவாள். கூடவே போட்டோ. இந்தக் கதையைப் புரோக்கர் எழுதுகிறார், அவள் ஒப்பிக்கிறாள், குழு மதிப்பெண் போடுகிறது. நம்பும்படி நடித்தால் தானம். தடுமாறினால் குற்றம், பணம் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்குமே தண்டனை உண்டு. 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 வருஷம் வரை சிறை, 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். சிறுநீரகத்தை விற்றுக் கடன் அடைக்கிறவளிடம் 20 லட்சம்! உண்மையைச் சொன்னால் ஜெயில் என்கிற இடத்தில் நின்றுகொண்டு 'ஏன் கொடுக்கிறாய், உண்மையைச் சொல்' என்று கேட்கிறார்கள். தடைக்காரர்கள் பெருமையோடு காட்டுகிற அறம் இந்தப் பொய்யின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

உறவுக்குள் நடப்பது மட்டும் சுத்தமா? நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுக்கிற உறவினர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மா, மனைவி, அக்கா. 'உன் புருஷன்தானே' என்பதும் ஒரு கடன் வசூல்தான். விற்பனையிலும் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். கோஹெனிடம் பெண்கள் சொன்ன காரணங்களில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஏற்கெனவே ஆகியிருந்தது. கத்தி பட்ட உடம்பு இன்னொரு கத்தியைத் தாங்கும் என்கிற கணக்கு. ஆண் வேலைக்குப் போக வேண்டும், அவன் உடம்பைக் கெடுக்கக் கூடாது. அரசு மக்கள்தொகைக்காகப் பழக்கிக் கொடுத்த உடலைச் சந்தை எடுத்துக்கொண்டது. 'தன்னாட்சி', 'முழு ஒப்புதல்' என்று தத்துவம் பேசுகிறபோது இந்தத் தழும்புகளின் வரிசையை அது படித்திருக்க வேண்டும்.

நோயாளியை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயம். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் மெஷினில் படுத்து எழுகிறவருக்கு இதெல்லாம் வெட்டிப்பேச்சு. அவரும் பெரும்பாலும் கடனாளிதான், வீட்டை விற்று வாங்க வருகிறவர் உண்டு. வாங்குகிறவர் எல்லாம் அரக்கர் என்கிற கதை எனக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2008இலிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறும் திட்டம் முறையாக நடக்கிறது. 2023 செப்டம்பரில், அப்படி உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று முதலமைச்சர் அறிவித்தார். சாவிலிருந்து வரும் உறுப்பை வட்டிக்காரர் முன்கூட்டியே கணக்கில் எழுத முடியாது. எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் நம்பிக்கை வருவது இந்த ஒரு காரணத்தால்தான். அது போதவில்லை, காத்திருப்பு நீளம் என்பதும் சேர்ந்தே உண்மை.

அப்படியானால் நீ தடையா, அனுமதியா என்று கேட்பார்கள். விற்பனையைச் சட்டமாக்கக் கூடாது என்பதுதான் என் நிலை. உடல் புனிதம் என்பதால் அல்ல. சட்டமானால் ஈடும் சட்டமாகும் என்பதால். அதே மூச்சில் விற்றவரைக் குற்றவாளி என்கிற பகுதியை எடுத்துவிட வேண்டும், அவர் சாட்சி. இந்த இரண்டையும் ஒரே ஆள் சொல்வது முரண்பாடு என்று தர்க்கம் படித்தவர்கள் சொல்லக்கூடும். கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் வருஷத்துச் சட்டம் முன்பணம் வாங்கியவரைத் தண்டிக்கவில்லை. கடனையே செல்லாது என்றது. கட்டியாள்பவரைத் தண்டித்தது. முன்னுதாரணம் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அங்கீகாரக் குழுவின் விதிகளில், கொடுப்பவர் வாங்குபவர் இருவரின் தொழிலும் முந்தைய மூன்று நிதியாண்டுகளின் வருமானமும் பார்க்கப்பட வேண்டும், இருவருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. வருமானத்தைக் கேட்கிறார்கள். கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி, கடைசியாக யார் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்பதில்லை. பள்ளிபாளையத்தில் புரோக்கர்களைத் தேடினார்கள், மருத்துவமனைக் கோப்புகளை எடுத்தார்கள். விற்ற காசு எந்த நோட்டுப் புத்தகத்தில் வரவு வைக்கப்பட்டது என்பதையும் யாராவது தேடிப் போக வேண்டும்.